கதவுக்குள் பாட்டில் போட்ட தொழிலாளிகள்

புத்தம் புதுக் கார். மெருகு கலையவில்லை. வாங்கியவர், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு உல்லாசமாகப் புறப்படுகிறார். கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்.

"கடகட... கடகட..."

எங்கிருந்தோ ஒரு சத்தம்! காரை நிறுத்தினால் சத்தமும் நின்று விடுகிறது. ஓட்டினால் மறுபடியும் "கடகட". இறங்கிப் பார்க்கிறார். குனிந்து பார்க்கிறார். ஒன்றும் புலப்படவில்லை. பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டு போகிறார். அங்கே கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றுகிறார்கள். உள்ளே ஒரு காலி கோகோ கோலா பாட்டில் உருண்டு கொண்டிருக்கிறது!

அந்தப் பயணம் நம் கற்பனை. பாட்டில் கற்பனை அல்ல. அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பிரிமாண்ட் என்ற ஊரில் இருந்த கார்த் தொழிற்சாலையில் இப்படி நடந்தது. பாட்டிலைப் போட்டது விரோதி அல்ல. அந்தக் காரைச் செய்த தொழிலாளிதான்! சில சமயம் பாட்டில். சில சமயம் கழன்ற போல்ட்டு. வாங்குகிறவன் எரிச்சலில் தலையைப் பிய்த்துக் கொள்ள வேண்டும். அதுதான் நோக்கம். பல ஆண்டுகளுக்குப் பிறகு, அங்கே வேலை பார்த்தவர்களே இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் காருக்குள் ஒருவன் எதற்காகப் பாட்டிலைப் போட வேண்டும்? "கொழுப்பு!" என்று சட்டென்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். இதே ஆட்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

திங்கட்கிழமை வந்தால்...

பிரிமாண்ட் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே இருக்கிறது. உலகத்தின் பெரிய கார்க் கம்பெனியாக அந்நாளில் விளங்கிய ஜெனரல் மோட்டார்ஸ், 1963-ம் ஆண்டு வாக்கில் அங்கே தொழிற்சாலையைத் திறந்தது. நல்ல காலத்தில் அங்கே ஏழாயிரம் பேர் வரை வேலை பார்த்தார்கள். சம்பளத்துக்குக் குறைவில்லை. தொழிலாளர் சங்கமும் பலமான சங்கம்.

ஆனால், வேலைக்கு வருவதற்குத்தான் யாருக்கும் மனம் இல்லை!

சாதாரண நாளிலேயே 5 பேரில் ஒருவர் வரமாட்டார். திங்கட்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மயக்கம் தெளிந்திருக்காது. ஆள் போதாமல் சில திங்கட்கிழமைகளில் தொழிற்சாலையை ஓட்டவே முடியாது. அப்போது மேலதிகாரிகள் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த மதுக்கடைக்குப் போய் ஆள் பிடித்து வருவார்களாம்! அந்தத் தொழிற்சாலையை அறிந்தவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

உள்ளே வந்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? வேலை நேரத்தில் குடி. போதை மருந்து. சூதாட்டம். ஒழுங்காக வேலை பார்க்க நினைத்தவர்களும் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால், அவர்கள் பாடு திண்டாட்டம். மேஸ்திரி ஒருவனை விரட்டினால், சங்கம் புகார் எழுதும். புகார்கள் மலை மாதிரி குவிந்தன. தீர்க்கப்படாமல் கிடந்தவை மட்டும் சில சமயம் ஆயிரத்தைத் தாண்டின. மேஸ்திரிக்குத் தொழிலாளி எதிரி. தொழிலாளிக்கு மேஸ்திரி எதிரி. நடுவில் காரை வாங்கியவன் தலை உருண்டது.

"நிற்கக் கூடாது!"

கார்த் தொழிற்சாலையைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துக் காரைச் செய்து முடிப்பது இல்லை. கோவில் தேர் வீதியில் நகர்வது போல, காரின் கூடு மெல்ல மெல்ல நகர்ந்து வரும். இருபுறமும் ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் கதவை மாட்டுவார். அடுத்தவர் திருகாணியை முடுக்குவார். அதற்கடுத்தவர் விளக்கைப் பொருத்துவார். தன் இடத்தைக் கார் கடப்பதற்குள் தன் வேலையை முடித்துவிட வேண்டும். ஏறக்குறைய ஒரு நிமிடம்! அதற்குள் அடுத்த கார் வந்துவிடும். நாள் முழுதும், வருடம் முழுதும் இதே வேலை.

இந்த வரிசைக்கு ஜெனரல் மோட்டார்ஸில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எது நடந்தாலும் வரிசை நிற்கக் கூடாது!

என்ஜின் முன்பின்னாக மாட்டப்பட்டு வருகிறதா? வரட்டும். ஒரு மாடலின் முகப்பு வேறொரு மாடலில் ஏறிவிட்டதா? போகட்டும். வரிசை ஒரு நிமிடம் நின்றால் இத்தனை ஆயிரம் டாலர் நஷ்டம் என்று கணக்குச் சொல்லுவார்கள். ஆகவே தப்பான கார் தப்பாகவே கடைசி வரை நகர்ந்து போகும். பிறகு வெளியே நிறுத்தி வைத்து, வேறு ஆட்கள் அதைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். சோற்றில் கல் கிடப்பது தெரிந்தும் பந்தியில் பரிமாறிவிட்டு, இலையில் கைவிட்டுப் பொறுக்கிக் கொள்ளலாம் என்பது போல!

ஒருமுறை ஒரு தொழிலாளி வரிசைக்குக் கீழே இருந்த பள்ளத்தில் விழுந்துவிட்டாராம். அப்போதும் வரிசையை நிறுத்தவில்லை என்று அங்கே இருந்த ஒருவர் சொல்லியிருக்கிறார்.

தொழிலாளியின் இடத்தில் நின்று இதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் தப்பு நடக்கிறது. உங்களுக்குத் தெரிகிறது. சொன்னால் கேட்க ஆள் இல்லை. நிறுத்தினால் வேலைக்கு ஆபத்து. ஒரு நாள் மனம் கொதிக்கும். ஒரு மாதம் கொதிக்கும். அப்புறம்? "எவன் வீட்டுக் காரோ! எனக்கென்ன வந்தது?" என்று ஆகிவிடும். அடுத்த படி, கதவுக்குள் பாட்டில்.

1982-ம் ஆண்டு தொடக்கத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் அந்தத் தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வேறு இடங்களில் வேலை கேட்டுப் போனபோது "பிரிமாண்ட் ஆளா?" என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும். அமெரிக்கக் கார்த் தொழிலிலேயே படுமோசமான ஆட்கள் என்று பெயர் வாங்கியவர்கள் அல்லவா!

தறி சொல்லிக் கொடுத்த பாடம்

இந்தச் சமயத்தில் ஜப்பானில் இருந்து ஒரு கம்பெனி வந்தது. அதன் பெயர் டொயோட்டா.

டொயோட்டாவின் கதை காரில் தொடங்கவில்லை. தறியில் தொடங்கியது! நெசவு தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். சாகிச்சி டொயோடா என்பவர் ஒரு தச்சரின் மகன். தாயும், ஊர்ப் பெண்களும் தறியில் படும் பாட்டைப் பார்த்தே அவருக்குத் தறியின் மேல் கவனம் போனது என்பார்கள். அவர் பல தறிகளைச் செய்தார். அவற்றில் ஒரு விசேஷம் இருந்தது. நூல் அறுந்தால், தறி தானாகவே நின்றுவிடும்!

சாதாரண விசைத்தறியில் நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கஜக்கணக்கில் துணி வீணாகும். அதனால் ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் கண்கொத்திப் பாம்பாகக் காவல் நிற்க வேண்டும். தானாக நிற்கும் தறிக்குக் காவல் வேண்டாம். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக் கொள்ளலாம். 1924-ம் ஆண்டில் வந்த அவருடைய தானியங்கித் தறி உலகப் புகழ் பெற்றது. தறிக்குப் பேர்போன இங்கிலாந்துக்காரர்களே 1929-ல் அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கினார்கள். அவருடைய மகன் கீச்சிரோதான் பிற்பாடு கார்க் கம்பெனியைத் தொடங்கினார்.

"தப்பு நேர்ந்தால் அங்கேயே நில், சரி செய், பிறகு ஓட்டு" என்ற தறிப்பாடம் கார்த் தொழிற்சாலைக்கும் வந்தது.

இன்னொரு பாடத்தை டொயோட்டா அடிபட்டுக் கற்றது. 1950-ல் கம்பெனி திவாலாகும் நிலை. ஆட்குறைப்பு. அதை எதிர்த்துப் பெரிய வேலைநிறுத்தம். கடைசியில் ஆட்கள் பலர் வேலையை விட்டுப் போனார்கள். கீச்சிரோவும் பொறுப்பேற்றுப் பதவியை விட்டு விலகினார். அந்த வடு ஆறவில்லை. அதற்குப் பிறகு, வேலையில் சேர்ந்தவனைக் கடைசி வரை கைவிடுவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம் போல் ஆகிவிட்டது.

பழைய ஆட்களே வேண்டும்!

1983-ல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கைகுலுக்கின. இருவரும் சேர்ந்து, பூட்டிக் கிடந்த பிரிமாண்ட் தொழிற்சாலையைத் திறப்பது என்று ஒப்பந்தம். சின்னக் கார்களை லாபத்தோடு செய்வது எப்படி என்று ஜெனரல் மோட்டார்ஸ் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்கத் தொழிலாளிகளை வைத்து வேலை வாங்க முடியுமா என்று டொயோட்டா தெரிந்து கொள்ள வேண்டும். இருவருக்கும் காரியம் இருந்தது. புதுக் கம்பெனியின் பெயர் நீளமானது. சுருக்கமாக "நும்மி" என்று அழைத்தார்கள். நிர்வாகம் டொயோட்டாவின் கையில். முதல் தலைவராக வந்தவர் டட்சுரோ டொயோடா. தறி செய்த சாகிச்சியின் பேரன்!

யாரை வேலைக்கு எடுப்பது? அங்கேதான் பேச்சு இழுத்தது. தொழிலாளர் சங்கத்தின் மேற்கு மாநிலத் தலைவர் புரூஸ் லீ. (சண்டைப் படத்தில் வருகிறவர் அல்ல. இவர் வேறு.) "பழைய ஆட்களைத்தான் எடுக்க வேண்டும்" என்று அவர் விடாப்பிடியாக நின்றார். ஆட்களைக் கெடுத்தது அங்கே நடந்த முறைதான் என்பது அவர் வாதம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழிதான் எல்லோர் நினைவுக்கும் வரும். ஆனால், பிரிமாண்டில் கூடம் நிஜமாகவே கோணலாக இருந்ததா என்று பார்த்துவிட ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

தயக்கத்தோடு ஜப்பானியர்கள் ஒப்புக் கொண்டார்கள். முதலில் சேர்த்த சுமார் 2,200 தொழிலாளிகளில் 100-க்கு 85 பேர் பழைய ஆட்கள். சங்கமும் பழைய சங்கம். சங்கத் தலைவர்களும் பழையவர்களே. கட்டிடமும் அதே கட்டிடம்.

"உதவட்டுமா?"

1984-ல், புதிய குழுத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்தவர்களைக் கூட்டம் கூட்டமாக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். சுமார் 450 பேர். தகவோகா என்ற இடத்தில் இருந்த டொயோட்டா தொழிற்சாலையில் பயிற்சி.

பிரிமாண்ட் ஆள் ஒருவர் அங்கே வரிசையில் நின்று வேலை செய்கிறார். கை ஓடவில்லை. கார் நகர்ந்துகொண்டே போகிறது. இப்போது வசவு விழப் போகிறது என்று காத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு ஜப்பானியர் வந்து நின்று கேட்கிறார்: "உதவட்டுமா?"

அந்த அமெரிக்கருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் வேலை பார்த்த இடத்தில் ஒருவர்கூட அவரிடம் அப்படிக் கேட்டது கிடையாதாம்! இதைப் பின்னாளில் அவர் சொன்னபோதும் வியப்பு அடங்கவில்லை.

ஆணி ஒன்று கோணலாக ஏறிவிட்டால், ஜப்பானியத் தொழிலாளி வரிசையை நிறுத்துவதையும் அவர்கள் பார்த்தார்கள். உடனே இரண்டு மூன்று பேர் கூடிவிடுவார்கள். "யார் செய்தது?" என்று கேட்பதில்லை. "இது எப்படி வந்தது?" என்று கேட்டார்கள்.

பயிற்சி முடிந்து விடைபெறும் நாளில் விருந்து நடந்தது. சங்கத்தில் ஊறிப் போன முரட்டு ஆட்கள். ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள். கட்டிப் பிடித்துக் கொண்டு அழுதார்களாம். ஊருக்குத் திரும்பி, "நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் இப்படியும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது" என்று மற்றவர்களிடம் சொன்னார்கள்.

கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள்

1984 டிசம்பரில் பிரிமாண்டில் கார் வரத் தொடங்கியது. செவர்லே நோவா என்று அதற்குப் பெயர்.

தொழிற்சாலைக்குள் வரிசை நெடுக ஒரு கயிறு தொங்கியது. யாருக்காவது சிக்கல் வந்தால், அதை இழுக்கலாம். இழுத்தால் விளக்கு எரியும். மணிக்குப் பதிலாக ஒரு பாட்டு மெட்டு ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடி வருவார். சட்டென்று சரி செய்ய முடிந்தால் வரிசை தொடர்ந்து ஓடும். முடியாவிட்டால் நின்றுவிடும். மேஸ்திரிகூடத் தொடப் பயந்த அந்த வரிசையை, கடைசித் தொழிலாளி நிறுத்தலாம்!

ஆனால், கயிறு தொங்கினால் போதுமா? இழுக்க வேண்டுமே! இருபது வருடப் பயம் கையைப் பிடித்துக் கொண்டது.

அந்த முதல் நாட்களில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்லுகிறார்கள். கம்பெனித் தலைவர் டொயோடா, தொழிற்சாலையைச் சுற்றி வருகிறார். ஒரு தொழிலாளி பின்விளக்கைப் பொருத்த முடியாமல் திணறுகிறார். "கயிற்றை இழுங்கள்" என்கிறார் தலைவர். "வேண்டாம் ஐயா, நானே சரி செய்துவிடுவேன்" என்கிறார் தொழிலாளி. மறுபடியும் சொல்லுகிறார். மறுபடியும் தயக்கம். தலைவர் அருகில் வந்தார். தொழிலாளியின் கையைப் பிடித்துக் கயிற்றுக்குக் கொண்டு போனார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வரிசை நின்றது. விளக்கைச் சரி செய்து முடித்ததும், தலைவர் அந்தத் தொழிலாளிக்குத் தலை வணங்கினார். "உங்கள் அதிகாரிகளுக்கு நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. மன்னியுங்கள்" என்றாராம்.

அந்தச் செய்தி தொழிற்சாலை முழுவதும் பரவ எத்தனை நேரம் ஆகியிருக்கும்! அதன் பிறகு கைகள் தயங்கவில்லை.

கடிகாரம் கை மாறியது

வேறு சில மாறுதல்களும் நடந்தன. அதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறை கிடையாது. காரை நிறுத்தத் தனி இடம் கிடையாது. முன்பு "கதவு ஆள்", "கண்ணாடி ஆள்" என்று 80 விதமாக வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் தொடக் கூடாது. அதெல்லாம் போய், சிறு சிறு குழுக்களாக எல்லோரும் எல்லா வேலையும் கற்றார்கள்.

எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது கடிகாரம்தான்.

பழைய நாளில், ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகும் என்று அளக்க ஒரு என்ஜினீயர் வருவார். கையில் ஸ்டாப் வாட்ச். அவரைக் கண்டதும் தொழிலாளி ஆமையாகி விடுவான். வேகமாகச் செய்து காட்டினால், நாளைக்கு இன்னும் இரண்டு வேலையைத் தலையில் கட்டுவார்களே! அவர் எழுதிக் கொண்டு போவார். அவர் போனதும் குறுக்கு வழியில் வேலையை முடித்துவிட்டு இவன் உட்கார்ந்து கொள்வான். இருவருமே ஒருவரை ஒருவர் ஏமாற்றிக் கொண்டார்கள்.

நும்மியில் அந்த ஸ்டாப் வாட்ச்சைத் தொழிலாளிகளிடமே கொடுத்துவிட்டார்கள். குழுவில் ஒருவர் வேலை செய்வார். மற்றவர் அளப்பார். எந்தப் பக்கம் திரும்பினால் முதுகு வலிக்கவில்லை, எந்தக் கையில் ஆணியை வைத்துக் கொண்டால் சுலபம் என்று தாங்களே பேசித் தாங்களே எழுதி வைத்தார்கள். அதைவிட நல்ல வழி ஒருவருக்குத் தோன்றினால் மாற்றி எழுதினார்கள். 1991-ம் ஆண்டில் மட்டும் தொழிலாளிகள் சொன்ன யோசனைகள் பத்தாயிரத்துக்கும் மேல்! அவற்றில் பத்துக்கு எட்டை நிர்வாகம் ஏற்றுக் கொண்டது.

பலன் என்ன? 1986 முடிவதற்குள், ஜெனரல் மோட்டார்ஸின் வேறு எந்தத் தொழிற்சாலையும் பிரிமாண்டை எட்ட முடியவில்லை. பழைய பிரிமாண்டைப் போல இரண்டு மடங்கு வேலை நடந்தது. வேலைக்கு வராதவர்கள் 100-க்கு 3 அல்லது 4 பேர்தான். எதிர்ப்புற மதுக்கடைக்கு இப்போது யாரும் ஆள் தேடிப் போகவில்லை.

இந்த மாறுதலைப் பற்றி அங்கே வேலை பார்த்த ஒருவர் சொன்னது எண்ணிக்கைகளை எல்லாம்விட மேலானது. முன்பெல்லாம் எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கும் என்றார். இப்போது வெளியூர் போய்க் காரை நிறுத்தும்போது, பக்கத்தில் நிற்பது தங்கள் தொழிற்சாலைக் கார்தானா என்று பார்ப்பாராம். ஆம் என்றால், தன் விசிட்டிங் கார்டை எடுத்து, "இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன்" என்று எழுதி, முன் கண்ணாடியில் செருகிவிட்டு வருவாராம்!

விற்பனை விழுந்தது

நல்ல நாளில் தோளில் கை போடுவது யாராலும் முடியும். 1988-ம் ஆண்டையொட்டி நோவா கார் சரியாக விற்கவில்லை. தொழிற்சாலையில் பாதிக்குச் சற்று மேல்தான் வேலை. வேறு கம்பெனியாக இருந்தால், அடுத்த சனிக்கிழமையே ஆட்களுக்குச் சீட்டுக் கிழிந்திருக்கும்.

சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் நும்மி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. கம்பெனி பிழைக்குமா என்ற நிலை வந்தாலொழிய ஆட்களை நீக்கமாட்டோம். அதற்கு முன்பு அதிகாரிகள் சம்பளத்தைக் குறைப்போம். வெளிக் கான்டிராக்ட் வேலையை உள்ளே கொண்டு வருவோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

தொழிலாளிகள் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தார்கள். ஒருவரைக்கூட நீக்கவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். வெளி ஆட்களுக்குக் கொடுத்திருந்த வேலைகளை இவர்களுக்குக் கொடுத்தார்கள். சம்பளம் வந்தது. அடுப்பு எரிந்தது. கயிறும் ஸ்டாப் வாட்ச்சும் சாதிக்காததை இது சாதித்தது. அதுவரை "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்று சந்தேகத்தோடு இருந்தவர்களும் நம்ப ஆரம்பித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நும்மியை சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை கடுமை. பழைய தொழிற்சாலையில் ஒரு நிமிடத்தில் 45 நொடி கை ஓடியது என்றால், நும்மியில் 57 நொடி ஓடியது என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். மூச்சு விட 3 நொடி! "இது சிரித்துக்கொண்டே கசக்கிப் பிழிவது" என்று சங்கத்திலேயே ஒரு சாரார் எதிர்த்தார்கள். 1993-ல் புது மாடல் வந்தபோது, கை வலி, மணிக்கட்டு வலி என்று பலர் அவதிப்பட்டார்கள். அரசாங்க அதிகாரிகள் தலையிட வேண்டி வந்தது. அவர்கள் புகார் பொய் அல்ல. ஆனாலும், "பழையபடி ஜெனரல் மோட்டார்ஸ் முறைக்குப் போகலாமா?" என்று கேட்டால், எதிர்த்தவர்களிலும் அதற்குத் தலையாட்டியவர்கள் குறைவு.

படம் பிடித்தார்கள்

இத்தனையும் கண் முன்னால் நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதே கம்பெனியில் பாதிப் பங்குக்காரர். ரகசியம் எதுவும் இல்லை. டொயோட்டா எதையும் மறைக்கவில்லை. அப்படியானால், மற்றத் தொழிற்சாலைகளையும் இதே போல மாற்றியிருக்கலாமே?

முயன்றார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே வான் நைஸ் என்ற இடத்தில் இருந்த தங்கள் தொழிற்சாலையில் கயிற்றைக் கட்டினார்கள். தொழிலாளி கயிற்றை இழுத்தால் மேஸ்திரி கோபித்தார். ஏன் கோபிக்க மாட்டார்? எத்தனை கார் வெளியே போயிற்று என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் அவருக்கு போனஸ்! தொழிலாளிகளும் நம்பவில்லை. குழு முறை வந்தால் சீனியாரிட்டி போய்விடும், ஆள் குறைந்துவிடும் என்று பயந்தார்கள். 1992-ல் வான் நைஸ் மூடப்பட்டது.

ஒரு மேலதிகாரி, நும்மிக்கு ஆளை அனுப்பி, அங்குலம் அங்குலமாகப் படம் பிடித்து வரச் சொன்னாராம். அதே போலத் தங்கள் தொழிற்சாலையையும் அமைத்துவிடலாம் என்ற ஆசை! கயிறு படத்தில் விழும். விளக்கு விழும். "உதவட்டுமா?" என்று கேட்டது எப்படி விழும்?

ஜெனரல் மோட்டார்ஸ் பிற்பாடு சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2009 ஜூன் 1-ந் தேதி அந்த ராட்சதக் கம்பெனி கோர்ட்டில் திவால் மனுக் கொடுத்தது. அந்த ஆண்டிலேயே நும்மிக் கூட்டில் இருந்தும் கழன்று கொண்டது.

தனியாக நின்ற டொயோட்டாவும் யோசித்தது. 1988-ல் ஒருவரைக்கூட விடாத கம்பெனி, இந்த முறை தொழிற்சாலையையே மூடுவது என்று முடிவு செய்தது. தொழிலாளிகள் கெஞ்சினார்கள். ஊர்வலம் போனார்கள். பலிக்கவில்லை.

2010 ஏப்ரல் 1-ந் தேதி கடைசிக் கார் வரிசையில் நகர்ந்து வந்தது. சிவப்பு நிறக் கொரோலா. 26 ஆண்டுகளில் அந்த வாசலைத் தாண்டி வெளியே போன வண்டிகள் ஏறக்குறைய 80 லட்சம். அன்று வேலை இழந்தவர்கள் சுமார் 4,700 பேர்.

அடுத்த மாதமே, மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா கம்பெனி அந்த இடத்தை 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2012-ல் அங்கே மறுபடியும் கார் வரத் தொடங்கியது. நும்மியில் வேலை பார்த்தவர்களில் சிலர், அதே வாசல் வழியாக மறுபடியும் வேலைக்குப் போனார்கள்.